விழா வேண்டாம் என்கிற மகனுக்கு

செல்வம்,

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால், "சரிம்மா, சரிம்மா, வச்சுரட்டுமா" என்று மூன்றாவது வாக்கியத்திலேயே கழன்றுகொள்கிறாய். புதுக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேச்சுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தே பாதி ஆயுசைக் கழித்தவள் நான். எதிர்முனையில் இருக்கிறவன் எப்போது காதை எடுத்துவிட்டான் என்பது எனக்குத் தெரியாதா? கடிதமாக இருந்தால் அது மேஜை மேல் உன்னைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். எப்படியும் படித்துத் தொலைப்பாய். இன்னொரு காரணமும் உண்டு. உன் விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். விழா நாயகனே முறுக்கிக்கொண்டு நிற்கும்போது மலர் எதற்கு என்று கேட்டேன். "நீங்க எழுதுங்கம்மா, சார் வந்துருவாரு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆகவே இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் ஊரும் படித்துக்கொள்ளட்டும். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு.

இந்த மாதக் கடைசியோடு உன் உத்தியோகம் முடிகிறது. கந்தர்வக்கோட்டை ரோட்டில் இருக்கும் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குள் மீசை சரியாக முளைக்காத வயதில் ஸ்டோர் கிளார்க்காக நுழைந்தவன், நிர்வாக அதிகாரியாக வெளியே வருகிறாய். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கூடி உனக்குப் பாராட்டு விழா எடுப்பது என்று முடிவு செய்து பந்தலுக்கும் சொல்லிவிட்டார்கள். நீ என்ன செய்தாய்? அதே நாளுக்குப் பெங்களூர் போக டிக்கெட் எடுத்துவிட்டு, மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்கிறாய். அவளோ எனக்குப் போன் போட்டு, "அப்பத்தா, அப்பா இங்க ஒளிஞ்சுக்க வாறாரு" என்று சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். உன்னைப் பிடித்துக் கேட்டபோது நீ சொன்ன பதிலில்தான் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "நான் ஊசி போட்டவனும் இல்ல, கத்தி புடிச்சவனும் இல்லம்மா. பொழைக்க வச்சது டாக்டருங்க. நான் செஞ்சது என்ன? அஞ்சல வீட்டுக்காரர வாசல்ல நின்னு அனுப்பி வச்சேன். எனக்கு மாலை போட்டா அந்த ஆளு மொகந்தான் முன்னால வந்து நிக்கும். என்னைய விட்ருங்க." இதைச் சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். 

முதலில் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ டாக்டராக வேண்டும் என்று எனக்கு அடங்காத ஆசை இருந்தது. மார்க் வரவில்லை, நீ டாக்டராகவில்லை. அதை நான் வெளியே சொல்லாவிட்டாலும் மனதை விட்டு அது போகவில்லை. கல்யாண வீடுகளில், "மகன் என்ன செய்யுறாப்ல?" என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில இருக்கான்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்டவர் உன்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. கீரமங்கலத்துக் கல்யாணம் நினைவிருக்கிறதா? என் பேச்சை நம்பி ஒரு அம்மாள் புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு உன் முன்னால் காலை நீட்டிவிட்டார். நீ அசரவில்லை. "அம்மா, நான் டாக்டர் இல்லீங்க. டாக்டருக்கு நாற்காலி வாங்கிப் போடுற ஆளு. காலைக் காட்டணும்னா திங்கக்கிழமை வாங்க, நல்ல எலும்பு டாக்டர் இருக்காரு" என்றாய். பந்தியே சிரித்தது, எனக்கு முகம் தொங்கிப்போனது. அந்த அம்மாள் திங்கட்கிழமை வந்தார், வலி குறைந்து நடந்தார் என்பது வேறு விஷயம். நான் அன்று உன்னிடம் பேசாமலே வீட்டுக்கு வந்தேன். இப்போது நீயே, டாக்டர்தான் எல்லாம், நான் ஒன்றுமில்லை என்கிறாய். இது என் பழைய பேச்சு, செல்வம். என்னிடமிருந்துதான் உனக்கு ஒட்டியிருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீ நாற்காலி வாங்கிப் போட்ட கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நீ பொறுப்புக்கு வந்த புதிதில் புறநோயாளிப் பிரிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும். முந்திரிக்காட்டு ஊர்களிலிருந்து வருகிற முதல் பஸ்ஸோ அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேரும். அந்த ஜனங்கள் இறங்கி வருவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை, விதி என்று திரும்பிப் போனார்கள். நீ ஆஸ்பத்திரி நேரத்தை பஸ் நேரத்துக்கு மாற்றினாய். பெரிய டாக்டர் ஒருவர் கோபித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி டாக்டருக்கா டிரைவருக்கா என்று கேட்டதாக நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். ரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் போய்ச் சேர வேண்டும் என்று டெப்போவுக்கு நடந்து நடந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் நிற்க ஏற்பாடு செய்தாய். நோயாளியோடு வருகிறவர்கள் கஞ்சி காய்ச்சிக்கொள்ள ஒரு அடுப்படி கட்டினாய். எந்த வார்டு எங்கே என்று சுவரில் பெரிய தமிழ் எழுத்தில் எழுத வைத்தாய். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தரையில் கோடு போட்டாய், சிவப்புக் கோட்டில் போனால் எக்ஸ்ரே, பச்சைக் கோட்டில் போனால் பிரசவம். என் கண்ணில் புரை விழுந்து அங்கே வந்தபோது நானும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். போய்ச் சேர்ந்தது பிரசவ வார்டு. அது உன் குற்றமில்லை, என் கண்ணின் குற்றம்.

இப்போது நீ பேச விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன். மலரைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே எங்காவது உயிர் போய்விட்டால் அந்த உடலை ஊருக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில்கூடக் கிடத்த முடியாது. ஊர் எல்லைக்கு வெளியே ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, அங்கேயே அழுது, அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள். இதற்குப் பயந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்குக் கொஞ்சம் முடியாமல் போனாலும் போதும், "மூச்சு இருக்கையிலயே கொண்டு போயிருவோம்" என்று சொந்தபந்தம் வந்து நின்றுவிடும். அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேர் பிழைக்கிற வாய்ப்பை விட்டுவிட்டு வண்டியேறிப் போனார்கள் என்று உனக்குத்தான் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பனை அனாதையைப் போல வெளியே போட்டுவிடக் கூடாதே என்கிற பாசம்தான் அவர்களை அப்படி விரட்டியது.

அஞ்சலையின் புருஷன் முந்திரிக்காட்டில் காவலுக்குப் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டிவிட்டது. விடிந்ததும் கொண்டுவந்தார்கள். மருந்து ஏற்றியும் உடம்பு துவண்டு, இமைகூட அசையாமல் போய்விட்டது. டாக்டர் மூச்சு மிஷினைப் பொருத்திவிட்டு, இந்த விஷத்துக்கு இப்படித்தான் இருக்கும், மிஷினில் கிடக்கட்டும், விஷம் இறங்கியதும் எழுந்து உட்காருவார் என்று சொன்னார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது செத்த உடம்பு. மதியத்துக்குள் ஊரே வந்து வாசலில் நின்றது. நீ அப்போதுதான் நிர்வாகப் பதவிக்கு வந்திருந்தாய். கெஞ்சினாய், சத்தம் போட்டாய், சட்டம் பேசினாய். அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கையால் அமுக்குகிற மூச்சுப் பையோடு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கந்தர்வக்கோட்டை தாண்டி ஏரிக்கரையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. ஊருக்குள் விடவில்லை. எதற்காகக் கொண்டு போனார்களோ அதுவும் நடக்கவில்லை. கீற்றுப் பந்தலில் கிடந்த அந்த மனிதருக்கு நீ மாலை வாங்கிக்கொண்டு போனாய், அங்கே உன்னை யாரும் வா என்று சொல்லவில்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அஞ்சலை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வந்து சொன்னாய். சாப்பிடாமல் படுத்துவிட்டாய். அவள் அப்போது சின்னப் பெண்.

வேறு யாராவது என்றால் அதோடு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். நீ திரும்பத் திரும்பப் போனாய். ஊர்த் தலைவரான அம்பலகாரரிடம் உட்கார்ந்து பேசினாய். ஆஸ்பத்திரியில் செத்தவரை ஊருக்குள் விடுங்கள் என்று கேட்டால், "அது முன்னோர் வச்ச கட்டு, நம்ம கையில இல்ல" என்று காப்பித்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒருநாள், அய்யனாருக்குக் குதிரை எடுப்பதற்காக ஊர் கூடியிருந்தது. கோயில் எல்லையிலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து, மண்குதிரை செய்கிற வேளார் கையில் கொடுத்தார்கள். அந்தப் பிடிமண்ணை அவர் தன் ஊருக்குக் கொண்டுபோய் அங்கே குதிரை செய்வார். செய்வது வேறு ஊரில் என்றாலும் குதிரை இந்த ஊர்ச் சாமிக்குச் சொந்தம். காலங்காலமாக நம் ஜில்லாவில் நடப்பதுதான், நான் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. நீ கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாய். "அய்யா, ஒரு பிடி மண்ணு போன எடம் நம்ம ஊருன்னு ஒத்துக்கிறீங்க. அதே மாதிரி ஒரு பிடி எங்க ஆஸ்பத்திரிக்கும் குடுங்க. புதுசா வார்டு கட்டப் போறோம். அஸ்திவாரத்துல போட்டு, அதுக்கு மேலதான் தரை போடுவோம். அங்க கெடக்குறவுக நம்ம ஊரு மண்ணுல கெடக்குறதா நெனச்சுக்கங்க. போகவேண்டிய உசுரு அங்க போனாலும், ஊருக்குள்ள போனதா எடுத்துக்கங்க."

அம்பலகாரர் கோபப்பட்டார். "சாமி காரியத்துல வெளையாடாதீங்க, ஆஸ்பத்திரிக்காரரே" என்றார். ஆனால் கூட்டத்தில் இருந்த பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அய்யனாரிடமே பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தார்கள், சிவப்புப் பூ வந்தது. ஆகாது என்று அர்த்தம். நீ கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாய். நான் உன்னைக் கேலி செய்தேன், சாமியே உனக்கு டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்துவிட்டதே என்று. நீ சிரிக்காமல், "அடுத்த வருஷமும் கட்டிப் பாப்பாகல்லம்மா" என்றாய். அந்த ஒரு வருஷத்தில் நீ என்ன செய்தாய் என்பதை நான் பார்த்தேன். அந்த ஊரிலிருந்து யார் வந்து படுத்தாலும் அவருடைய கட்டில் பக்கம் போய், சொந்தக்காரர்களை உட்காரவைத்து, உடம்பு எப்படி இருக்கிறது, என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் பேச்சிலேயே எடுத்துச் சொன்னாய். யாராவது தவறிப்போனால் ஆஸ்பத்திரி வண்டியில் நீயே முன் சீட்டில் ஏறி, அந்தக் கீற்றுப் பந்தல்வரை கூடப் போனாய். அடுத்த வருஷம் மறுபடி பூக்கட்டினார்கள். இந்த முறை வெள்ளைப் பூ. அய்யனார் மனம் மாறினாரா, அம்பலகாரர் மனம் மாறியதை அய்யனார் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவர் நல்ல சாமி.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த ஊர் மண் கொடுத்துவிட்டது என்று தெரிந்ததும் பக்கத்து ஊருக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊரு மண்ணு மட்டும் எளப்பமா?" என்று ட்ராக்டரில் ஒரு லோடு கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். ஒரு பிடி போதும் என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கீரமங்கலத்துப் பூ வியாபாரிகள் பூக்கூடையில் மண்ணை வைத்து, மேலே முல்லைப்பூவைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு கிறிஸ்தவ ஊரிலிருந்து கோயில் வளாகத்து மண்ணைச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தார். புதுக்கோட்டையில் நம் தெருக்காரர்களும் நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று கிளம்பினார்கள். நம் தெருவில் மண் எங்கே இருக்கிறது, வாசல்வரை சிமெண்டுதான். ஆளாளுக்குத் தேடி, கடைசியில் என் கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து நான்தான் கொண்டுவந்தேன். அந்தத் தொட்டி மண் நர்சரியில் வாங்கியது என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் அஸ்திவாரத்தில் போட்டு, மேலே கான்கிரீட் போட்டு, அதற்கு மேல் தீவிர சிகிச்சை வார்டைக் கட்டினீர்கள். மண் தரைக்கு அடியில்தானே என்று டாக்டர்களும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வழக்கம் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. இன்றைக்கும் சில ஊர்களில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் மண் கொடுத்த ஊர்களில், "கொண்டு போயிருவோம்" என்று ஒருவர் சொன்னால், "எதுக்கு? இதுவும் நம்ம ஊருதான்" என்று சொல்ல இன்னொருவர் இருக்கிறார். அவர்களுக்கு அது வெறும் பேச்சாக இல்லை. புயல் அடித்துத் தென்னையும் முந்திரியும் வேரோடு சாய்ந்த வருஷம் கரண்ட் இல்லாமல் ஊரே இருண்டு கிடந்தபோது, ஜெனரேட்டருக்கு டீசல் தீரப் போகிறது என்று நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். தன் வீட்டுக் கூரை பறந்துபோன ஜனங்கள், விழுந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கி, ட்ராக்டர் டேங்கிலிருந்து டீசலைக் கேனில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அன்று வார்டில் மிஷின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதை நீ எனக்குச் சொன்னபோது குரல் கம்மிவிட்டது, அதை மறைக்க இருமினாய். எக்ஸ்சேஞ்ச்காரிக்கு இருமலுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஓய்வைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும் அல்லவா, அனுபவஸ்தி நான். முதல் மாதம் நன்றாக இருக்கும். இரண்டாவது மாதம் மருமகளுடைய அடுப்படியில் போய் டப்பாக்களை அடுக்கி நிர்வாகம் செய்யத் தோன்றும். செய்யாதே. அவள் இத்தனை வருஷம் உன்னைப் பொறுத்துக்கொண்டது நீ பகலில் வீட்டில் இல்லை என்பதால்தான். உன் இடத்துக்கு வருகிறவர் எப்படிச் செய்கிறார் என்று எட்டிப் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே; உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் போ, அப்போதும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார். வேட்டி கட்டிக்கொள்ளப் பழகு. மத்தியானம் தூங்கு, அதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் ஓய்வு பெற்றபோதும் ஒரு விழா நடந்தது. கேசரியும் மிக்சரும் கொடுத்து, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று கடுகடுவென்று உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள், நான் மணியைப் பார்த்ததைக் கண்டு பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விழா நமக்கு இல்லை, செல்வம். மனதில் வைத்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று சிலருக்கு இருக்கும், அவர்களுக்குத்தான் அது. நீ செய்ய வேண்டியது பேசாமல் உட்கார்ந்து கேட்பது மட்டுமே. இத்தனை வருஷமாக ஊர் ஜனங்கள் சொன்னதை அப்படித்தானே கேட்டாய்?

போன வாரம் ஒரு பகல் பொழுதில் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். நீ நினைத்தே பார்த்திருக்க மாட்டாய். முந்திரிப்பருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, விலாசம் விசாரித்து, பஸ் மாறி வந்திருந்தாள். உனக்கு விழா எடுக்க வேண்டும் என்று முதலில் கிளம்பியதே அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊர் ஊராகப் போய் அம்பலகாரர்களிடம் பேசியிருக்கிறாள். அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை, போட வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். "சாரு என்னையப் பாத்தா அங்கிட்டு ஒதுங்கிப் போயிருவாரு ஆத்தா" என்றாள். "அவரு மனசுல கெடக்குறது எனக்குத் தெரியும். அவரா அனுப்புனாரு? நாங்கதான் தூக்கிட்டுப் போனோம். கையெழுத்து வச்சதுல நானும் ஒருத்தி. வண்டிக்குக் குறுக்க வந்து நின்னாரு, எங்க மாமனார் அவரப் புடிச்சுத் தள்ளிவிட்டாரு. கீழ விழுந்து எந்திரிச்சு மறுபடி வந்து நின்னாரு. எல்லாரும் மறந்துட்டாக. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்." இதை நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று உன் சட்டை கிழிந்திருந்தது, கதவில் மாட்டிவிட்டது என்று சொன்னாய்.

அவளுடைய மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு உன் வார்டில் நினைவில்லாமல் கிடந்தது உனக்குத் தெரியும். அவளுக்கு முகம் கொடுக்க முடியாமல் நர்ஸ்களிடமே விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதனால் அங்கே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்லாரும் கட்டிலச் சுத்தி நின்னுக்கிட்டு, 'கொண்டு போயிருவோம் அஞ்சல, மூச்சு இருக்கையிலயே கொண்டு போயிருவோம்'னாக. இவன் அப்பனுக்குச் சொன்ன அதே பேச்சு ஆத்தா. அன்னைக்கு எனக்கு வாயி இல்ல. இப்ப இருந்துச்சு. 'எங்க கொண்டு போறது? இந்தத் தரைக்குக் கீழ நம்ம ஊரு மண்ணுதான் கெடக்கு. எம் புள்ள ஊருலதான் படுத்துருக்கான். கெடக்கட்டும்'னேன். ஒருத்தரும் எதுத்துப் பேசல. கெடந்தான். கெடந்து கண்ண முழிச்சான். போன ஆவணியில கல்யாணமும் பண்ணி வச்சுட்டேன்." சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். டாக்டர்கள்தான் பிழைக்க வைத்தார்கள், சரி. அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி அந்தப் பையனை அங்கேயே கிடக்கவிட்டது யார்? டாக்டர் ஆகாத என் மகன்தான். எனக்கு அது போதும். அஞ்சலைக்கும் அது போதும். உனக்குத்தான் போதவில்லை.

புறப்படும்போது அவள் வாசல்படியில் நின்று தயங்கினாள். விழாவுக்குப் பாக்கு வைத்து அழைக்க ஊர் ஆண்கள் உன்னிடம் வந்ததும், நீ வாங்க மறுத்ததும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நான் போய் வைக்கட்டுமா ஆத்தா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரரு போனதுலருந்து எங் கையால யாரும் பாக்கு வாங்குனதில்ல. எம் மகன் கல்யாணத்துக்கே கொழுந்தன் பொஞ்சாதிதான் வீடுவீடாப் போயி வச்சா. நான் வாசலுக்கு வெளிய நின்னேன். தாலி அறுத்தவ வச்சா சாரு வாங்குவாரா?" உன் அப்பா போனதிலிருந்து நானும் யார் வீட்டுக்கும் தாம்பூலத் தட்டு எடுத்துப் போனதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டதும்தான் அப்படியில்லை என்று தெரிந்தது. அப்புறம் சொன்னேன், "எம் மகன் வாங்குவான்."  "நெசமாவா?" என்றாள். நிஜமாகத்தான் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் உன் வீட்டுக்கு வருகிறோம். தட்டை அவள்தான் பிடித்திருப்பாள், நான் பின்னால் நிற்பேன். அவள் கை நடுங்கும், செல்வம். அதை ரொம்ப நேரம் நடுங்க விடாதே. எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்.

உன் அம்மா